பழைய கணினியை எறிய முன்: அதற்குள் இருக்கும் சாட்சியங்கள்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் கணினியாயின், பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். 2017க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கதவு திறக்காது.

புதிதாக ஒன்றை வாங்கலாம் என்பது இலகுவான பதில். 2022 நெருக்கடியில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் 360 ரூபாய் வரை ஏறிய நாட்டில், அது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஆனால் தென்மராட்சிக்கு விலையைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பழைய கணினியோடு சேர்த்து எதை எறியப்போகிறோம்?

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலம் தாண்டி வந்து சேர்ந்தது தென்மராட்சிக்குத்தான். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் பெருமளவில் இடிந்தபோது, அடைக்கலம் கொடுத்தவர்களே இடம்பெயர்ந்தார்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்பப் படம் என்று கையில் அகப்பட்டது மட்டும் தப்பியது. 2002 யுத்தநிறுத்தத்தின் பின் ஏ9 திறந்து, மக்கள் திரும்பி வந்து மறுபடி எழும்பிய காலத்தில்தான் இங்கே வீடுகளிலும் கடைகளிலும் கணினி பரவத் தொடங்கியது.

அதன் பின்னர் எழுதிய விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018 முதல் காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒவ்வொரு வாசலிலும் அதே தாய்மார் அதே கதையைத் திரும்பச் சொன்னார்கள். கணினியில் ரைப் செய்த முறைப்பாடுகளின் அச்சுப் பிரதி அலுவலகத்துக்குப் போனது. கோப்பு கணினியிலேயே தங்கிவிட்டது.

அக்காலத்தில் இங்கே தமிழ் ரைப் செய்தது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைக் காட்டும் ஒரு ஏற்பாடு. எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று விழும். வேர்ட் கோப்பாயின் பாமினியை நிறுவினாலே வாசிக்கலாம், யூனிகோட்டுக்கும் மாற்றலாம். பேஜ்மேக்கரில் வடிவமைத்த நினைவு மலரையோ துண்டுப்பிரசுரத்தையோ உள்ளபடி திறக்கப் பெரும்பாலும் அந்தப் பழைய மென்பொருள் வேண்டியிருக்கும்.

இங்கேதான் மெய்நிகர் இயங்குதளம் உதவுகிறது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக ஓடவிடுவதே இந்த முறை. வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். 4 ஜிபி ரம் உள்ள பழைய கணினியில் லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸை ஏற்றி, அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 512 எம்பி ஒதுக்கினால் போதும். 2019இல் வெளியான 6.1ஆம் பதிப்பு முதல், செயலியில் மெய்நிகராக்க வசதி இல்லாவிட்டால் வேர்ச்சுவல்பொக்ஸ் ஓடாது. பல கணினிகளில் அந்த வசதி இருந்தும் பயோஸில் மூடிக் கிடக்கும். அதைத் திறந்துவிட வேண்டும். எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டதால், உள்ளே ஓடும் எக்ஸ்பிக்கு இணைய இணைப்பைக் கொடுக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் முதல் செய்ய வேண்டியது ஹாட் டிஸ்க்கை முழுமையாகப் பிரதி எடுப்பது. பழுதாகும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்த்தால் மிச்சமும் போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. பழைய கோப்பைத் திறந்து மறுபடி சேமித்தால் அதன் மாற்றத் திகதி இன்றைய திகதியாகிவிடும். 2009இல் எழுதிய வாக்குமூலம் 2009இல் எழுதியதாகவே நிற்க வேண்டும். பிள்ளையைக் கடைசியாகக் கண்ட இடமும் நேரமும் பற்றி அன்றைக்கே எழுதிய வரிக்கு, பல ஆண்டுகள் கழித்து ஞாபகத்திலிருந்து சொல்வதைவிடக் கனம் அதிகம். மூலத்தைத் தொடாமல், பிரதியை மெய்நிகர் கணினிக்குள் திறப்பதே பாதுகாப்பு.

ஆனால் இந்த டிஸ்க்குகளைக் கண்டபடி கடையில் கொடுத்துவிடவும் முடியாது. சாட்சி சொன்னவர்களின் பெயரும் முகவரியும் அதற்குள் இருக்கும். கண்காணிப்பு இன்னும் ஓயாத மண்ணில் அது சிறிய விடயமல்ல. நம்பிக்கையான ஒருவர் கூட இருந்து, வீட்டிலேயே செய்வது நல்லது.

இந்தச் சுமையைக் குடும்பங்களின் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை. நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் 2005 முதல் நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது. வீட்டுக் கணினிகளுக்குள் கிடப்பவற்றை மீட்கப் பொது நூலகங்களும் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு மேசையையும் தெரிந்த ஒருவரையும் ஒதுக்கினால் போதும். அதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. கழித்து ஒதுக்கிய கணினி ஒன்றே அந்த வேலைக்குக் காணும்.

எங்கள் பத்திரங்களில் பலவற்றைச் சண்டை எரித்தது. மிஞ்சியதைப் பழைய இரும்போடு நாங்களே நிறுத்துக் கொடுத்துவிடக் கூடாது.