அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறாள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதி வாசித்துவிட்டு லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. மெல்போர்னில் இருக்கும் என் அண்ணன் பேத்தி, சபை வாலிபர் குழுவோடு கம்போடியாவுக்குப் போகிறாளாம். அங்கே ஒரு கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரம் ஊழியம். பயணச் செலவுக்கு எல்லாரிடமும் உதவி கேட்டிருந்தாள். வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்தன. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "ஆச்சி, நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று தனியாகக் கேட்டாள்.

போகாதே என்றேன். காசும் தரமாட்டேன் என்றேன். பிள்ளை அழுதுவிட்டாள். அவளுக்குச் சொன்ன காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் பாதிப்பேர் சிங்கப்பூர், சிட்னி, டல்லாஸ் என்று இருக்கிறீர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கும் இந்த அழைப்பு வரும்.

நான் அப்படிப் போனவள். ஓய்வு பெற்ற மறு வருஷம், 2013-ல், மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் சபையாரோடு சியம் ரீப்புக்குப் போனேன். அங்கோர் வாட் கோயில் இருக்கிற ஊர். இல்லத்தின் பெயர் வேண்டாம். போய் இறங்கியதும் நாலைந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டது. முன்பின் பார்த்திராத கிழவி நான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தாவீது கதை சொன்னேன், பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன், படம் எடுத்து இதே முகநூலில் போட்டேன். "அன்புக்கு ஏங்கும் அனாதைக் குழந்தை" என்று எழுதினேன். உங்களில் சிலர் பணம்கூட அனுப்பினீர்கள்.

பத்தாவது நாள் வாசலில் ஒரு பெண் வாழைப்பழப் பையோடு நின்றாள். அந்தப் பிள்ளை என் மடியிலிருந்து குதித்து ஓடிற்று. யார் என்று சமையல்காரம்மாவிடம் கேட்டேன். மொழிபெயர்த்த பையன் சாதாரணமாகச் சொன்னான்: "அவள் அம்மா. மார்க்கெட்டில் காய்கறி விற்கிறாள்."

நிர்வாகியிடம் போய், பள்ளிக்கூடச் செலவை அம்மாவிடமே கொடுத்துவிடலாமே என்றேன். இல்லத்துப் பிள்ளைகளுக்கென்றால்தான் வெளிநாட்டார் கொடுக்கிறார்கள், காய்கறி விற்கிற அம்மாவுக்கு யார் கொடுப்பார்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நானே அப்படித்தான் கொடுத்திருந்தேன்.

இது ஒரு இல்லத்தின் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். போல் பாட் ஆட்சி 1979-லேயே முடிந்துவிட்டது. ஆனால் 2005-க்கும் 2010-க்கும் நடுவில் கம்போடியாவில் இல்லங்களின் எண்ணிக்கை 154-லிருந்து 269 ஆயிற்று. அந்த ஐந்து வருஷத்தில் அங்கே போர் இல்லை. சுற்றுலாப் பயணிகளும் அவர்கள் பணமும்தான் பெருகின. அந்த இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக யுனிசெஃப் சொல்கிறது. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டியில் அமெரிக்க பாப்டிஸ்டுகள் பத்துப்பேர் 33 பிள்ளைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்துக் கைதானார்கள். அனாதைகள் என்று சொன்னார்கள். பெற்றோர் இருந்தது பிறகு தெரியவந்தது.

"அன்பு காட்டுவதில் என்ன தப்பு டீச்சர்?" என்பீர்கள். அந்தப் பிள்ளை ஏன் வந்ததும் என் மடியில் ஏறிற்று? உங்கள் வீட்டுப் பிள்ளை முன்பின் தெரியாதவர் மடியில் ஏறுமா? அம்மா முந்தானையைத்தான் பிடிக்கும். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் இல்லங்களில் இருந்த 136 சின்னப் பிள்ளைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, பல வருஷம் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவிலும் பாசத்திலும் தேறினார்கள். சீக்கிரம் போனவர்கள் நன்றாகவே தேறினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு குழு வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அது குடும்பம் ஆகிவிடாது. போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளை ஒருமுறை கைவிடப்படுகிறது.

மெல்போர்னில் பிள்ளைகளோடு வேலை செய்யப் பின்னணி சரிபார்த்த சான்று வேண்டும். சியம் ரீப்பில் என்னிடம் யாரும் ஒரு தாளும் கேட்கவில்லை. நைரோபியில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு ஊழியத்துக்கென்று போன அமெரிக்க இளைஞன் ஒருவனுக்கு, பிள்ளைகளைப் பாழாக்கியதற்காக 2016-ல் 40 வருஷச் சிறை கொடுத்தார்கள். கதவு எனக்குத் திறந்தால் அவனைப் போன்றவனுக்கும் திறக்கும்.

"நீங்களே போர்டிங்கில் படித்தவர்தானே?" ஆமாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் போர்டிங் இல்லாவிட்டால் பலர் படித்திருக்க மாட்டோம். ஆனால் என்னை யாரும் அனாதை என்று சொல்லவில்லை. லீவுக்கு வீட்டுக்குப் போனேன். என்னைப் படம் எடுத்துக் காட்டி யாரும் காசு கேட்கவில்லை.

"டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்?" என்றும் கேட்பீர்கள். அவர் 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். 1951-ல் இங்கேயே மண்ணுக்குள் போனார். நடுவில் ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. இரண்டு வாரம் போய்வருகிற நாம் அவர் பெயரை இழுக்க வேண்டாம்.

யாக்கோபு நிருபம் 1:27-ஐ எடுத்து வாசியுங்கள். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அங்கே ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறது. நாமோ அவர்களைப் பிரித்துவிட்டோம். பிள்ளைக்குக் கட்டடம் கட்டினோம், தாயைக் குடிசையிலேயே விட்டுவிட்டோம். உண்மையிலேயே யாருமில்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குச் சித்தியோ, பாட்டியோ, அந்த நாட்டிலேயே ஒரு வளர்ப்புக் குடும்பமோ தேட வேண்டும். வேலையை அங்கே இருக்கிறவர்கள் செய்யட்டும், நாம் பணம் கொடுப்போம்.

இப்போது வீட்டுப்பாடம். எந்த இல்லம் கூப்பிட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள்? போன வருஷம் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள்? என்னைப் பற்றி என்ன விசாரித்தீர்கள்? சரியான பதில் வராவிட்டால் பணம் அனுப்பாதீர்கள். பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கிறவர்களைத் தேடிக் கொடுங்கள்.

2013-ல் என் பேச்சை நம்பிப் பணம் அனுப்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படத்தை நேற்றுத்தான் அழித்தேன். அந்த அம்மாவிடம் கேட்காமல் அவள் பிள்ளையை அனாதை என்று எழுதினேன். இப்போது அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். யாரிடம் இருக்கிறாளோ.

என் அண்ணன் பேத்தி இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவாள்.

உங்கள் டீச்சர்,
பாளையங்கோட்டை