தாயிடமிருந்து சேய்க்கு: தளரக் கூடாத கண்காணிப்பு

கருவிலோ, பிரசவத்தின்போதோ, தாய்ப்பால் வழியாகவோ குழந்தைக்குக் கடத்தப்படும் தொற்றுகள் பெரும்பாலும் தாயின் உடலில் ஓசையில்லாமல் இருப்பவை. சிபிலிஸ், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி ஆகிய மூன்றும் அப்படித்தான். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. நோயாளி வைத்தியசாலைக்கு வந்த பிறகு கணக்கெடுக்கும் வழமையான முறை இங்கே பயன்படாது. நலமாகத் தோன்றும் பெண்ணைத் தேடிப் போய், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே குருதியைப் பரிசோதித்து, தொற்று இருந்தால் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். சிபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி போதும். எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்கு மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். முறையாகக் கொடுத்தால் அது மிகச் சொற்பமாகக் குறைந்துவிடும்.

இந்த வேலையை இலங்கை நன்றாகவே செய்திருக்கிறது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் கடத்தப்படுவதை ஒழித்த நாடாக 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்தது. இந்த அங்கீகாரத்தை 2015இல் கியூபா முதலாவதாகவும், 2016இல் ஆசியாவில் தாய்லாந்து முதலாவதாகவும் பெற்றிருந்தன. உயிருடன் பிறக்கும் ஒரு இலட்சம் குழந்தைகளில் பிறவிச் சிபிலிஸ் 50க்கு மேற்படக் கூடாது என்பது அளவுகோல். இலங்கையில் 2017இல் அது 1.4 ஆக இருந்தது. கர்ப்பிணிகளில் குறைந்தது 95 சதவீதமானோர் பரிசோதிக்கப்பட வேண்டும், தொற்றுள்ளோரில் 95 சதவீதமானோர் சிகிச்சை பெற வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர் குடும்பநல உத்தியோகத்தர். மக்கள் வாயில் மிட்வைஃப். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. தன் பகுதியில் திருமணமான பெண்களின் பதிவேடு அவரிடம் இருக்கும். கர்ப்பம் தரித்தவர் கிளினிக்குக்கு வராவிட்டால் அவரே வாசலில் வந்து நிற்பார். ஆய்வுகூடத்தின் முடிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அந்தப் பெண்ணின் பெயர் பதிவேட்டில் ஏறாவிட்டால் அதனால் பயனில்லை.

களனி கங்கை கடலோடு சேரும் கொழும்பு முகத்துவாரம் போன்ற இடத்தில் அந்தப் பெயரை ஏற்றுவதும், ஏற்றிய பெயரைத் தொடர்வதும் கிராமத்தில் போல் இலகுவல்ல. மீனவர் குடியிருப்புகளும் தொடர்மாடிகளும் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளும் கொண்ட பகுதி. மலையகத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள் வாடகை அறைகளில் இருக்கிறார்கள். வாடகை ஏறினால் மட்டக்குளிக்கோ கொட்டாஞ்சேனைக்கோ மாறிவிடுவார்கள். தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். முகத்துவாரத்தில் பதிந்து குருதி கொடுத்த பெண் ஏழாம் மாதம் முடிந்ததும் ஹட்டனுக்கோ மட்டக்களப்புக்கோ போய்விடுகிறார். பிரசவம் ஒரு மாவட்டத்தில், குழந்தையின் முதல் வாரங்கள் அங்கேயே, பிறகு மறுபடியும் கொழும்பு. தனியார் வைத்தியரிடம் மட்டும் காட்டுபவர்களின் பரிசோதனை முடிவு மாநகர சபையின் கிளினிக்குக்கு வந்து சேராமலே போகலாம். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாட்டின் சராசரி 95 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்பதால் இப்படி விடுபடும் சிலர் கணக்கில் மறைந்துபோகிறார்கள். எஞ்சிய நோய் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும்.

குழந்தை பிறந்ததோடும் இந்தக் கண்காணிப்பு முடிவதில்லை. தாயின் எதிர்ப்பொருட்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு வந்துவிடுவதால், எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் பரிசோதனை பச்சிளங்குழந்தையில் நம்பத்தக்கதல்ல. வைரஸையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனையை முதல் வாரங்களிலும் மாதங்களிலும் செய்து, ஏறத்தாழ 18 மாதம் வரை குழந்தையைப் பின்தொடர வேண்டும். பிறவிச் சிபிலிஸுள்ள குழந்தையும் பிறக்கும்போது முழு நலத்துடன் தோன்றலாம். இரு ஊர்களுக்கிடையே அலையும் குடும்பத்தை இவ்வளவு காலம் பின்தொடர்வது கடினம். தொற்று வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சம் அதை இன்னும் கடினமாக்குகிறது. இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் எந்தத் தாயும் திரும்பி வரமாட்டாள்.

தாயிடமிருந்து சேய்க்குச் செல்லும் இன்னொரு தொற்றான ருபெல்லா வேறு வகை: அதைத் தடுப்பது தடுப்பூசி. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் குழந்தையின் கண், செவி, இதயம் பாதிக்கப்படும் என்பதை 1941இல் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக் கண்டறிந்தார். இலங்கையில் 1996இல் அதற்கான தடுப்பூசி தொடங்கியது. 2020இல் இலங்கையும் மாலைதீவும் ருபெல்லாவை ஒழித்தவையாக அறிவிக்கப்பட்டன.

அடைந்த நிலை தானாக நிலைக்காது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே 2022இல் 3,700க்கு மேற்பட்ட பிறவிச் சிபிலிஸ் சம்பவங்கள் பதிவாகின. 2012ஐவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். பத்தில் ஒன்பது, உரிய நேரத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. பணமும் ஆய்வுகூடமும் நிறைந்த நாட்டில் இல்லாமற்போனது, கர்ப்பிணியைத் தேடிச் செல்லும் ஆள்.

இலங்கை அடுத்து முடிக்க வேண்டியது ஹெபடைட்டிஸ் பி. பிறப்பில் தொற்றும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு அது நாட்பட்ட நோயாகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் முதல் ஊசியைப் பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் போடச் சொல்கிறது. இலங்கையின் பொது அட்டவணையிலோ அது இரண்டாம் மாதத்தில், ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியோடு தொடங்கிவந்திருக்கிறது. எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி மூன்றையும் ஒழித்த முதல் நாடாக 2025இல் மாலைதீவு அங்கீகரிக்கப்பட்டது. ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில் நடக்கும் இலங்கையில் அந்த முதல் நாள் ஊசியை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக்குவது முடியாத காரியமல்ல.

பிரசவத்துக்கு ஊருக்குப் போகும் பெண் தன் கர்ப்பப் பதிவு அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். போகும் விலாசத்தைப் புறப்படுமுன் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டும். அந்த விலாசத்துக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அவ்வாரமே தகவல் அனுப்பும் கடமை கொழும்பு மாநகர சபையுடையது.