எத்தனை கவுண்டர், எத்தனை வருடம்? கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்

ஒரு மூடை சீனி வாங்கினாலும் நமது வியாபாரிகள் நிறையைப் பார்த்தே வாங்குவார்கள். ஒரு பேல் துணி வந்தால் எத்தனை மீற்றர் இருக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். ஆனால் இலட்சக்கணக்கில் பணம் கொடுத்துக் கடைக்குக் கணனி மென்பொருள் வாங்கும்போது மட்டும் அதன் அளவு என்ன என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. மென்பொருளுக்கும் அளவு உண்டு. எத்தனை கணனிகளில் ஒரே நேரத்தில் பாவிக்கலாம், எவ்வளவு விபரங்களைச் சேமிக்கலாம், எத்தனை கிளைகளில் ஓட்டலாம் என்பனவெல்லாம் அதன் லைசன்ஸில் எழுதப்பட்டிருக்கும். அதை வாங்குபவரும் வாசிப்பதில்லை. பல வேளைகளில் விற்பவரும் வாசிப்பதில்லை.

கடைகளுக்குக் கணக்கு, இருப்பு மென்பொருட்களைப் பொருத்திக் கொடுக்கும் தொழிலில் பல வருடங்களாக இருப்பவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். லைசன்ஸ் எல்லைகளை நான் இங்கே குறை சொல்லவில்லை. இரண்டு கவுண்டர் வைத்திருப்பவர் இருபது கவுண்டருக்கான விலையைக் கொடுக்கத் தேவையில்லை. எல்லை இருப்பதால்தான் சிறிய கடைக்குச் சிறிய விலை கிடைக்கிறது. எல்லையைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு என்பதே எனது வாதம்.

புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடை. நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் வழமையான மூன்று கவுண்டர்களோடு மேலும் இரண்டைப் போட்டார்கள். கணனிகளை வாங்கி, வயர் இழுத்து, ஆட்களையும் அமர்த்திய பின்னர் நான்காவது கணனி உள்ளே நுழைய மறுத்தது. விற்றவரிடம் கேட்டபோது, "இது மூன்று பாவனையாளருக்கான லைசன்ஸ், கூட்ட வேண்டுமானால் பணம் கட்டுங்கள்" என்றார். கேட்ட தொகை முதலில் கொடுத்ததில் பாதி. என்னை அழைத்துக் காட்டினார்கள். கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். "நெட்வேர்க் மென்பொருள்" என்று ஒரே வரி இருந்தது. மூன்று என்ற எண் எங்கும் இல்லை. அந்த வாரம் முழுவதும் இரண்டு கவுண்டர்களில் கையால் பில் எழுதினார்கள். பெருநாள் முடிந்தும் இருப்புக் கணக்குச் சரிவரவில்லை. விற்றவர் சட்டப்படி பிழை செய்திருக்கமாட்டார். ஆனால் அதை நேர்மையான வியாபாரம் என்று சொல்ல என்னால் முடியாது.

இங்கே ஒன்றை விளங்கிக் கொள்ள வேண்டும். நீங்கள் வாங்குவது பெரும்பாலும் ஒரு பொருளல்ல, இரண்டு. மேலே தெரியும் பில் போடும் மென்பொருளை உள்ளூர் நிறுவனமொன்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே, எல்லாக் கணனிகளும் பார்த்து எழுதும் பொதுப் பேரேடு போல ஒரு தரவுத்தளம் இருக்கும். அது மைக்ரோசொப்ட், ஒரக்கிள் போன்ற வேறொரு நிறுவனத்தினுடையதாக இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி லைசன்ஸ், தனித்தனி எல்லை.

முதலாவது, ஆள் கணக்கு. நம்மவர் பலர் பாவிக்கும் டேலியில் சில்வர் லைசன்ஸ் ஒரே கணனிக்கு மட்டும். கோல்ட் லைசன்ஸ் வாங்கினால் ஒரே உள்ளக வலையமைப்பில் எத்தனை பேரும் பாவிக்கலாம். மைக்ரோசொப்டின் எஸ்.கியூ.எல். சேவர் ஸ்டாண்டர்ட் பதிப்பை ஆள் கணக்கில் வாங்குவோர் பாவனையாளருக்கோ கணனிக்கோ ஒவ்வொரு அணுகல் லைசன்ஸ் எடுக்க வேண்டும். மூன்று கவுண்டர்களில் இரண்டு நேர முறையில் ஆறு பேர் வேலை செய்தால் கணனிக் கணக்கில் மூன்று போதும். ஆள் கணக்கில் ஆறு தேவை. மாறாக, முதலாளி ஒருவரே கடைக் கணனி, வீட்டு மடிக்கணனி, கைபேசி மூன்றிலும் கணக்குப் பார்ப்பாராயின் அவருக்கு ஆள் கணக்கே இலாபம். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் ஒரு லைசன்ஸ் போதும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது செல்லாது. இந்த லைசன்ஸ் எண்ணுவது நுழையும் பெயரையல்ல, பாவிக்கும் ஆளையோ கணனியையோ ஆகும்.

சேவராக வைக்கும் கணனிக்கும் எல்லை உண்டு. வின்டோஸ் சேவர் போட்டால் அதற்கும் தனியாக அணுகல் லைசன்ஸ் வேண்டும். சாதாரண வின்டோஸையே வைத்துக் கோப்புகளைப் பகிர்ந்தால், எக்ஸ்பி ஹோம் காலத்தில் 5, எக்ஸ்பி புரொபெஷனலில் 10 என்றிருந்த இணைப்பு எல்லை வின்டோஸ் 10, 11 இல் 20 ஆக உள்ளது.

இரண்டாவது, கொள்ளளவு. எஸ்.கியூ.எல். சேவரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புக்கு ஆள் கணக்கு லைசன்ஸ் தேவையில்லை. ஆனால் ஒரு தரவுத்தளத்தின் அளவுக்கு வரம்பு உண்டு. 2005 பதிப்பில் 4 கிகாபைட், 2008 ஆர்2 முதல் 10 கிகாபைட், 2025 பதிப்பில் 50 கிகாபைட். நிரம்பிவிட்டால் பழைய கணக்கைப் பார்க்கலாம். புதிய பில் பதிவாகாது. நாளொன்றுக்கு 500 பில், பில்லுக்கு 6 பொருள், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 9 இலட்சம் வரிகள். வரிக்கு 500 பைட் என்றாலும் வருடத்துக்கு 450 மெகாபைட்தான். பத்து கிகாபைட் இருபது வருடம் தாங்கும். ஆனால் அதே கடை வாடிக்கையாளர் தரும் பின்திகதியிட்ட காசோலைகளைப் படம் பிடித்து, நாளுக்கு 20 வீதம், ஒவ்வொன்றும் அரை மெகாபைட் அளவில் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்தால் வருடத்துக்கு 3 கிகாபைட் போய்விடும். மூன்று வருடம் கடந்ததும் கதவு மூடிவிடும். படங்களை வெளியே தனிக் கோப்பாக வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இலவசம் என்ற சொல். போஸ்ட்கிரே எஸ்.கியூ.எல்., பயர்பேர்ட் ஆகியன உண்மையாகவே ஆள் எல்லையோ கொள்ளளவுக் கட்டணமோ இல்லாதவை. விற்பவர் அவற்றைத் தம் மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கவும் தடையில்லை. 2010 முதல் ஒரக்கிள் வசமுள்ள மை எஸ்.கியூ.எல். சற்று வேறு. கடைக்காரர் தன் பாவனைக்கு இலவசப் பதிப்பை வைத்திருக்கலாம். ஆனால் மூல நிரலைத் தராமல் அதைத் தமது மென்பொருளோடு பிணைத்து விற்பவர் ஒரக்கிளிடம் வணிக லைசன்ஸ் எடுக்க வேண்டி வரலாம். அதை எடுத்தாரா என்று கேட்பது உங்கள் உரிமை.

"அடுத்த கடைக்காரர் கொப்பி போட்டு ஓட்டுகிறாரே" என்று கேட்போருக்கு ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, உரிமை மீறிய மென்பொருள் என்று அறிந்துகொண்டே வியாபார இலாபத்துக்காக அதைப் பாவிப்பவருக்கு 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விற்றவருக்கு மட்டுமான சட்டம் என்று யாரும் நினைக்கக் கூடாது. லைசன்ஸ் எண்ணிக்கையைத் திருட்டு வழியில் கூட்டித் தருகிறேன் என்பவர், தன் தலையில் விழ வேண்டியதில் பாதியை உங்கள் தலையிலும் வைக்கிறார்.

என் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். "எல்லைகளைச் சொன்னால் வாடிக்கையாளர் சொல்லாதவனிடம் போய்விடுவார்" என்பார்கள். அதில் உண்மையில்லாமலில்லை. மூன்று கொட்டேஷன் எடுத்து, அடியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துக் குறைந்ததைத் தெரிவு செய்யும் பழக்கம் நம்மிடம் உண்டு. லைசன்ஸுக்கு விலை போட்டவரும் போடாதவரும் அங்கே ஒரே தராசில் நிறுக்கப்படுகிறார்கள். நேர்மையாகச் சொன்னவர் தோற்கிறார். ஆகவே சொல்வது விற்பவரின் கடமையென்றால், சொன்னவரைத் தண்டிக்காமலிருப்பது வாங்குபவரின் கடமையாகும்.

இதற்குச் செலவில்லாத பரிகாரம் உண்டு. கொட்டேஷனில் ஐந்து விடயங்களைத் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை கணனிகள்? கீழேயுள்ள தரவுத்தளம் எது, எந்தப் பதிப்பு, எவ்வளவு கொள்ளளவு? கிளைக்கும் ஸ்டோருக்கும் இதே லைசன்ஸ் போதுமா? மேலதிகமாக ஒரு கவுண்டர் சேர்த்தால் என்ன விலை, அந்த விலை எத்தனை வருடத்துக்கு மாறாது? லைசன்ஸ் யார் பெயரில், அவரை விட்டு விலகினால் கணக்கு விபரங்களை வெளியே எடுத்துத் தருவாரா? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

மென்பொருளைப் பொருத்தி முடித்த பின்னர் ஒரு கணனியில் ஓட்டிக் காட்டிவிட்டு மீதிப் பணத்தைக் கேட்பார்கள். அவசரப்பட்டுக் கொடுத்துவிட வேண்டாம். எத்தனை கவுண்டருக்கு விலை பேசினீர்களோ அத்தனையையும் ஒரே நேரத்தில் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பில் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு காசோலையை எழுதுங்கள்.