ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று ஆண்டுக்காண்டு பெருகி வருகிறது. "பிள்ளையை சி.ஏ. படிக்க வைக்கலாமா, சாமி?" இதில் வியப்பில்லை. நூற்பாலையாயினும், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறியாயினும், பால்கோவாக் கடையாயினும், கணக்குப் புத்தகத்தோடு ஏறி இறங்குவது ஆடிட்டர் அலுவலகத்துப் படிகளில்தான். வெளியே பெஞ்சில் காத்திருந்த தந்தை, தம் மகனோ மகளோ உள்ளே நாற்காலியில் அமர வேண்டுமென விரும்புவது இயல்பே.

விருப்பத்தில் குறையில்லை. யாரை நம்பிப் பணம் கட்டுகிறோம் என்று அறியாமலே நகையை அடகு வைக்கிறார்களே, அதுதான் நம்மை வருத்துகிறது. நாம் அறிந்த ஓர் அன்னை, வெளியூர்ப் பயிற்சி நிலையம் ஒன்றில் மகனைச் சேர்ப்பதற்காகக் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். அந்நிலையம் தந்த ரசீதையே சி.ஏ. கல்வியில் இடம் கிடைத்ததற்குச் சான்றென எண்ணியிருந்தார். மகன் உரிய இடத்தில் பதிவு செய்யப்படவே இல்லை என்பது தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வேளையில்தான் தெரியவந்தது. பதிவு செய்து நான்கு திங்கள் சென்ற பின்னரே முதல்நிலைத் தேர்வை எழுத இயலும் என்பதால், அந்தத் தேர்வு கைநழுவிப் போயிற்று.

உரிய இடம் எது? இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம். பாராளுமன்றம் இயற்றிய 1949-ஆம் ஆண்டின் சட்டத்தால் அவ்வாண்டு ஜூலை முதல் நாளில் தோன்றியது. நமது அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே பிறந்த நிறுவனம். மாணவரைப் பதிவு செய்வதும், பாடம் வகுப்பதும், தேர்வு நடத்துவதும், தேறியவரின் பெயரை ஏட்டில் ஏற்றுவதும், தவறியவரின் பெயரை நீக்குவதும் இக்கழகமே. பயிற்சி நிலையம் டியூஷன் மட்டுமே தரலாம். அதில் சேர்ந்தாக வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. பாடநூல்களைக் கழகமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கட்டணமில்லா வகுப்புகளும் நடத்துகிறது. தலைமையகம் புதுடெல்லியில் இருந்தாலும், தென்மண்டலக் குழு சென்னையிலும், கிளை ஒன்று அருகிலுள்ள சிவகாசியிலும் உள்ளன. சங்கிலியைக் கழற்றுமுன் சிவகாசிக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்திருக்கலாம்!

தென்மண்டலக் குழு என்றதும் சிவபோகம் அம்மையாரை நினைக்கிறோம். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற சென்னைப் பெண்மணி அவர். 1933-இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். சிறை சென்றோர் கணக்காளராகப் பதிவு பெற இயலாது என்ற தடை குறுக்கே நின்றது. வழக்காடி வென்று, நாட்டின் முதல் பெண் கணக்காளரானார். 1955 முதல் 1958 வரை அத்தென்மண்டலக் குழுவின் தலைவராகவும் விளங்கினார். பெண் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்கும் தாத்தாக்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறோம்.

இக்கல்வி மூன்று நிலைகளைக் கொண்டது. ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு 40 மதிப்பெண்ணும், மொத்தத்தில் 50 விழுக்காடும் வேண்டும். கேட்பதற்கு எளிது, எழுதியவர்க்கே அருமை தெரியும். ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறோம். தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ் வழியில் படித்துக் கணக்கில் முதலாக நிற்கும் பிள்ளை, கணக்கால் தோற்காமல் மொழியால் தோற்கிறது. இது நீதியென்று நமக்குத் தோன்றவில்லை. மாறும்வரை, பிளஸ் ஒன் முதற்கொண்டே ஆங்கிலப் பயிற்சி தருவதைத் தவிர வழியில்லை.

இரண்டாம் நிலையில் இரு பிரிவுகளிலும் தேறியபின் வருவது 'ஆர்ட்டிகிள்ஷிப்' எனும் பயிற்சி. 2023 ஜூலை முதல் இதன் காலம் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. மாணவருக்கும் ஆடிட்டருக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் உண்டு. அது கழகத்தில் பதிவாக வேண்டும். சேர்த்துக்கொள்வதற்காக முன்பணமோ, கடனோ, வைப்புத் தொகையோ ஆடிட்டர் பெறலாகாது. மாறாக, அவரே மாதந்தோறும் உதவித்தொகை தர வேண்டும். ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்ப அதன் குறைந்த அளவு வகுக்கப்பட்டிருப்பதால் நம் ஊர்களில் அது சிறியதே. ஆயினும் அது உரிமை, தயவன்று. "வேலை கற்றுத் தருகிறோமே, சம்பளம் எதற்கு?" என்று யாரேனும் கேட்டால் அது விதிக்கு மாறானது.

பெருநகரின் பெரிய அலுவலகமே நல்லது என்ற எண்ணமும் பரவியுள்ளது. நாம் அவ்வாறு கருதவில்லை. அங்கே ஒரே வகை வேலையில் ஆண்டு முழுதும் அமர்த்தப்படுவது உண்டு. இங்கோ ஆலையின் கணக்கு, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, மளிகைக் கடையின் வரி என அனைத்தும் ஒரே மேசைக்கு வரும். ஆனால் அந்த மேசை யாருடையது என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். கிடங்குக்குப் போகாமலே இருப்பைச் சரிபார்த்ததாகக் குறிக்கச் சொல்லும் அலுவலகத்தில் பிள்ளை கற்பது என்ன?

லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் வரும் பொறுப்பாளரை நினைவுகூருங்கள். நூறு குடம் எண்ணெய்க் கடன் ஐம்பதாயிற்று. அதை அவர் தம் கையால் மாற்றவில்லை. கடன்பட்டவனைக் கொண்டே எழுதுவித்தார்! பொய்க் கணக்கை எழுதும் கை பெரும்பாலும் மேசையின் கடைசியில் இருப்பவருடையது. 2009-இல் ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்தில், இல்லாத பணம் இருப்பதாகப் பல்லாண்டுகள் கணக்கு காட்டப்பட்டது அம்பலமாயிற்று. அதன் பின்னரே, கழகத்தின் கண்காணிப்பு மட்டும் போதாதென்ற எண்ணம் வலுத்தது. 2018-இல் தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம் அமைந்து, பெரிய நிறுவனங்களின் தணிக்கையாளரைக் கண்காணித்து வருகிறது. திருச்சபைக்கும் இதில் விலக்கில்லை. மக்கள் தந்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்கு ஒப்புவிக்குமாறு 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1287-ஆம் எண்ணில் நம்மைப் பணிக்கிறது.

நிற்க. தேறாத பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தேர்வில் முதல் முறையே வெல்பவர் சிலரே. முடிவு வந்த மாலையில் உறவினர் வீடுகளுக்குப் போன் செய்து ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கி, அறுபதோ அதற்கு மேலோ பெற்ற தாள் உள்ளதா என்று பாருங்கள். இரண்டாம், மூன்றாம் நிலைகளில், ஒரு பிரிவின் எல்லாத் தாள்களையும் எழுதியிருந்தால், அத்தகைய தாளை அடுத்த தேர்வில் மீண்டும் எழுத வேண்டியதில்லை. பயிற்சி ஒப்பந்தத்தின் ஆங்கிலம் விளங்காவிடில், கையெழுத்திடுமுன் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்கிறோம்.