குதிரைக்கும் பல் பாருங்க!

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று ஒரு பழமொழி உண்டு. அப்படியானால் காசு கொடுத்து வாங்குகிற மாட்டை? கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்து மாட்டுச் சந்தைக்குப் போகிற எந்தப் பெரியவரும் முதலில் செய்கிற வேலை அதுதான். கொம்பு, திமில், சுழி எல்லாம் அப்புறம். வாயைப் பிளந்து கீழ்த்தாடையைப் பார்த்து "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்று சொல்லிவிடுவார். அது வெறும் வயதுக் கணக்கு இல்லை. இந்தக் கன்றை எப்போது பூட்டலாம், எவ்வளவு வேலை வாங்கலாம் என்ற கணக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது.

குதிரை வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கு எங்கே போய்விடுகிறது?

குதிரையா, பெரம்பலூரிலா என்று சிரிக்க வேண்டாம் நண்பர்களே. இந்த இரண்டு மாவட்டமும் மாட்டு மாவட்டம்தான். ஊர் எல்லையில் அய்யனாருக்கு நிற்கிற மண்குதிரைகளை விட்டால் குதிரையைப் பார்ப்பது அரிது, உண்மை. ஆனால் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவோடு கூடுகிற குதிரைச் சந்தைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் போகிறார்கள். பக்கத்தில் திருச்சி, கரூர் வட்டாரத்தில் குதிரை வண்டி எல்லைப் பந்தயம் நடக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கேட்கிறார்கள். போனில் குதிரை வீடியோவாகப் பார்த்துப் பார்த்து, ஆசை தாங்காமல் ஒரு குட்டியை வாங்கிக் கட்டிவிடுகிற இளைஞன் எந்த ஊரிலும் இருப்பான். ஆசையில் தப்பே இல்லை. வாங்கிய மறு மாதமே அதை வண்டியில் பூட்டித் தார்ச்சாலையில் விரட்டுவதில்தான் பிரச்சினை.

முதலில் மாட்டுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பால்பல் கன்றுக்கு மூக்கு குத்தி மூக்கணாங்கயிறு போடுவார்கள். அவ்வளவுதான், வேலை கிடையாது. கயிற்றில் நடக்கப் பழகும், மேய்ந்துவிட்டு வரும். ரெண்டு பல் போட்ட பிறகு, அதாவது ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயதில், கழுத்தில் நுகத்தடி ஏறும். அதுவும் தனியாக இல்லை, நன்றாகப் பழகிய வயசான மாட்டோடு ஜோடி போட்டு. முதலில் வெறும் கட்டையை இழுக்க விடுவார்கள். அப்புறம் ஏற்கெனவே உழுது போட்ட பொலபொல மண்ணில் கொஞ்ச நேரம். வெயில் ஏறுவதற்குள் அவிழ்த்துவிடுவார்கள். கரிசல் காட்டு ஈரத்தில் ஏர் இழுப்பது வளர்ந்த மாட்டுக்கே நாக்குத் தள்ளுகிற வேலை. இளங்கன்றை அதில் மாட்டிவிட்டால் அதற்கு மனசு விட்டுப்போய்விடும், பிறகு பூட்டும்போதெல்லாம் படுத்துக்கொள்ளும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். முழுப் பாரம் என்பது நாலு பல், ஆறு பல்லுக்கு மேல்தான். டிராக்டர் வந்து இந்த வித்தையே குறைந்துவிட்டது. என்றாலும் திருமானூர் பக்கம் கொள்ளிடக் கரையில் வண்டிமாடு வைத்துப் பிழைத்தவர்களைக் கேட்டால் இன்றும் வரி பிசகாமல் சொல்வார்கள்.

குதிரைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. மாட்டுக்குக் கீழே மட்டும்தான் முன்பல். குதிரைக்கு மேலே ஆறு, கீழே ஆறு. நடு ஜோடிப் பால்பல் விழுந்து நிரந்தரப் பல் வருவது இரண்டரை வயதில். அதற்கடுத்த ஜோடி மூன்றரையில். ஓர ஜோடி நாலரையில். ஆக, பால்பல்லோடு இருக்கிற குதிரை என்றால் இரண்டரை வயது ஆகவில்லை என்று அர்த்தம். உதட்டைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எலும்பு முடிந்ததா என்று வெளியே தெரியாது, அதனால்தான் வயதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இளம் எலும்பின் நுனியில் வளர்கிற குருத்து ஒன்று உண்டு. அது இறுகி எலும்பாக மாறும் வரை அந்த இடம் பலவீனம். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள எலும்பின் கீழ்நுனி இறுகுவதற்கே இரண்டு, இரண்டரை வயது ஆகிறது. முதுகெலும்பு முழுவதும் இறுக ஐந்து வயதைத் தாண்டிவிடும். ஆனால் உயரம் என்னவோ இரண்டு வயதிலேயே ஏறக்குறைய முழுசாக வந்துவிடுகிறது! பார்க்கிறவனுக்கு அது ஜம்மென்று வளர்ந்த குதிரை. உள்ளே அது இன்னும் குட்டி.

இன்னொரு ஏமாற்று வேலையும் இருக்கிறது. தினமும் ஓட்டினால் சில வாரங்களிலேயே குதிரையின் மூச்சும் தசையும் தேறிவிடும். முன்பு இளைத்த தூரத்தில் இப்போது இளைக்காது. உடனே 'செட் ஆயிடுச்சு' என்று தூரத்தைக் கூட்டுகிறார்கள். எலும்புக்கும் தசைநாருக்கும் வாரக்கணக்கு போதாது, மாதக்கணக்கு வேண்டும். புதிய வேலைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும்போது பழையதைக் கொஞ்சம் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. நடுவில் ஒரு காலம் அது முன்பைவிட பலவீனமாகவே இருக்கும். குதிரை நன்றாக ஓடுகிறது என்று உரிமையாளர் குஷியாக இருக்கிற அதே காலம்தான் அது.

'அப்படியென்றால் நாலு வயது வரை சும்மா கட்டிப் போட்டுவிட வேண்டியதுதானா?' என்று கேட்கலாம். அதுவும் தப்பு. சொல்லப்போனால் பெரிய தப்பே அதுதான்.

அமெரிக்காவில் பந்தயத்துக்குப் பழக்கும் இளம் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழே, எலும்பின் முன்பக்கம் வீங்கி, தொட்டாலே துள்ளுகிற அளவுக்கு வலி வருவது வழக்கம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் நூனமேக்கர் என்பவர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் கண்டது பலருக்கு ஆச்சரியம் தந்தது. நீண்ட தூரம் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த எலும்பு வேகத்துக்குத் தயாராவதில்லை. மிகச் சிறிய தூரம், வேகமாக, வாரத்தில் ஓரிரு முறை என்று ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் எலும்பு சரியான இடத்தில் தடிக்கிறது, வீக்கம் குறைகிறது. குட்டியாக இருக்கும்போது புல்வெளியில் தாயோடு ஓடித் திரிவது கால்களுக்கு நல்லது என்பதும் ஆய்வுகளில் தெரிய வந்த விஷயம். ஆக, வேலை கூடாது என்பதில்லை. எந்த மாதிரி வேலை என்பதுதான் கேள்வி.

இப்போது பலர் வீட்டில் நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திங்கள் முதல் சனி வரை குதிரை தகரக் கொட்டகையில் கட்டிக் கிடக்கிறது. தீனி மட்டும் ராஜ உபசாரம். ஞாயிறு விடிகாலை வண்டியில் பூட்டி, பைக்கில் நாலு பேர் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வர, தார்ச்சாலையில் பல கிலோமீட்டர். மறுநாளிலிருந்து மறுபடி கொட்டகை.

இது புதுப் பழக்கம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள் :-) சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இதையேதான் எழுதி வைத்திருக்கிறார். அப்போது தமிழகத்தின் பெரும்பகுதி பாண்டியர் கையில் இருந்தது. 1279 வாக்கில் சோழர் ஆட்சி முடிந்து, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிற கங்கைகொண்ட சோழபுரமும் பாண்டியர் வசம் வந்துவிட்ட காலம். ஆண்டுக்கு 10,000 குதிரைகள் கடல் வழியாக வந்ததாகவும், ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தினார் விலை என்றும் வஸ்ஸாப் கணக்குச் சொல்கிறார். வந்த குதிரைகளை என்ன செய்தார்களாம்? 40 நாள் கொட்டடியில் கட்டிவைத்துத் தீனி போட்டுக் கொழுக்க வைத்தார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஒரேயடியாக ஏறிப் பேய்த்தனமாக விரட்டினார்கள். கொஞ்ச நாளிலேயே நல்ல குதிரையெல்லாம் ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும், மறு வருஷம் மறுபடி கப்பல். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோவும் இங்கே வருகிற குதிரைகள் பராமரிக்கத் தெரியாததால் செத்துப்போகின்றன என்று எழுதினார். வெளிநாட்டார் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனாலும் கட்டிப்போடு, கொழுக்கவை, திடீரென்று விரட்டு என்கிற அந்த மூன்று படி அப்படியே இன்றைய ஞாயிற்றுக்கிழமை மாதிரி இல்லையா? பாண்டியனிடம் அடுத்த கப்பலுக்குப் பொன் இருந்தது. கடன் வாங்கிக் குட்டி வாங்கிய இளைஞனிடம் அது இல்லை.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. உலகம் முழுக்க இரண்டு வயதுக் குதிரைகள் பந்தயம் ஓடுகின்றன. இரண்டு வயதில் ஓடத் தொடங்கிய குதிரைகளின் பந்தய வாழ்வு குறைவதில்லை, சொல்லப்போனால் கூடுதல் என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சரிதான். ஆனால் கால் நன்றாக இருக்கிற குதிரைதானே இரண்டு வயதில் களத்துக்கே வர முடியும்? சீக்கிரமே நொண்டியானது அந்தக் கணக்கில் வராது. அது மட்டுமல்ல. அந்த இரண்டு வயதுக் குதிரைகள் ஓடுவது பெரும்பாலும் 1000, 1200 மீட்டர்தான், அதுவும் புல்தரையிலோ பக்குவப்படுத்திய மண்ணிலோ, பல மாதத் தயாரிப்புக்குப் பிறகு. லாடம் அடித்த காலோடு தார்ச்சாலையில் வண்டியையும் ஆளையும் இழுத்துக்கொண்டு மைல் கணக்கில் ஓடுவதை அதோடு ஒப்பிடுவது எப்படி நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வயதின் காரணமாக வேலைக்குத் தகுதியில்லாத விலங்கிடம் வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. வயது என்றால் கிழடு மட்டும் இல்லை, இளசும்தான். 1965இல் வந்த வண்டி இழுக்கும் விலங்குகளுக்கான விதிகள் ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை கூடாது என்கின்றன. சித்திரை வெயிலில் பெரம்பலூர் இந்த 37ஐ சர்வ சாதாரணமாகத் தாண்டும். ஆனால் அந்த 9 மணி நேரம் என்பது வளர்ந்த விலங்குக்கான உச்சவரம்பு. இரண்டு வயதுக் குட்டிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட அதிகம்தான். எத்தனை பல்லுக்கு எத்தனை நிமிடம் என்று சட்டம் சொல்லித் தராது. அது வளர்க்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அந்தக் கணக்கு மாட்டுக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் குதிரைக்கு மாற்றினால் ஏறக்குறைய இப்படி வரும். பால்பல் இருக்கும் வரை வண்டியே வேண்டாம். கயிற்றில் பிடித்து நடத்துவது, ஆள் சொல் கேட்கப் பழக்குவது, மற்ற நேரம் கட்டாமல் காட்டில் விடுவது. அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு போதும், வேலி மட்டும் சரியாக இருக்க வேண்டும். நடுப்பல் ஜோடி வந்த பிறகு வெறும் வண்டி, மண் பாதை, வாரத்தில் மூன்று நாலு நாள், ஒரு தடவைக்கு 20 நிமிடம். அதில் பெரும்பகுதி நடைதான். வாரத்தில் ஒரு நாள் மட்டும் 100, 150 மீட்டர் நீட்டி ஓடவிடலாம். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. ஓடிய மறுநாள் காலையில் முன்னங்காலைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். சூடோ வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கு விடுமுறை. அடுத்த ஜோடிப் பல் வந்த பிறகு, மூன்றரை வயதில், பந்தயத்தைப் பற்றி யோசிக்கலாம். இது ஒன்றும் வேதவாக்கு இல்லை, குதிரைக்குக் குதிரை மாறும். ஆனால் எந்தக் குதிரைக்கும் ஆறு நாள் கட்டு, ஒரு நாள் ஓட்டம் என்பது பொருந்தாது.

பந்தயம் நடத்துகிறவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். பெரிய குதிரை, சிறிய குதிரை, புதிய குதிரை என்றெல்லாம் பிரிவுகள் வைக்கிறார்கள். இந்தப் பெயர்களில் உயரம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, வயது இல்லை. உயரம் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று மேலேயே பார்த்தாயிற்று. ஜல்லிக்கட்டில் காளைகளைக் கால்நடை மருத்துவர் பார்த்த பிறகுதான் வாடிவாசலுக்கு விடுகிறார்கள். அதே மருத்துவர் குதிரை வண்டிப் பந்தயத்திலும் பதிவு மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு குதிரையின் உதட்டையும் தூக்கிப் பார்த்து, நாலு பல் இல்லாததைத் திருப்பி அனுப்பினால் போதும். ஒரு பந்தயத்தில் இரண்டு மூன்று வண்டி குறையும். அடுத்த வருஷம் அந்தக் குதிரைகளே நாலு பல்லோடு வந்து நிற்கும்.