தகர டப்பாவின் ருசி

வியட்நாம் போருக்குப் போய்வந்த அமெரிக்கச் சிப்பாய்களில் பலர், சண்டையைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறப்பதில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் மூடுவதில்லை. தகர டப்பாவில் வந்த அந்தச் சாப்பாட்டின் பெயரை 1958-லேயே ராணுவம் மாற்றிவிட்டபோதும் அவர்களுக்கு அது கடைசிவரை ‘சி-ரேஷன்’தான். ஒரு பெட்டிக்கு 12 வேளைச் சாப்பாடு. நல்லது யாருக்கு என்ற தகராறு வராமலிருக்கப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெயர் தெரியாமல் ஆளுக்கொன்று எடுப்பார்கள். பன்றியிறைச்சியும் லைமா பீன்ஸும் கலந்த டப்பா சிக்கியவன் பாடு திண்டாட்டம். அதற்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் அச்சில் ஏறாது. பீச் பழமும் பவுண்டு கேக்கும் வாய்த்தவன் அன்றைக்கு ராஜா. ஆப்ரிகாட்டை மரைன்கள் பலர் தொடவே மாட்டார்கள்: ராசியில்லாத பழமாம், தின்றால் குண்டு விழுமாம்! (பூனை குறுக்கே போனால் நின்று போகும் நமக்கு இதைக் கண்டு சிரிக்க உரிமையில்லை.) சுடவைக்க, சி-4 வெடிமருந்தில் ஒரு கிள்ளு எடுத்துக் கொளுத்தினால் போதும். இதையெல்லாம் ருசிக்காக நினைக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. கேக்கைக் கொடுத்துச் சிகரெட் வாங்கிய பேரமும், பேரம் பேசிய கூட்டாளியும்தான் நாக்கில் நிற்கிறார்கள். 1980-களில் டப்பா போய் பிளாஸ்டிக் பொட்டலம் வந்துவிட்டது. ஆனால் டப்பா திறக்கத் தந்த பி-38 என்ற இரண்டு அங்குலம்கூட இல்லாத மடக்குத் தகடு, சில கிழவர்களின் சாவிக்கொத்தில் இன்னும் தொங்குகிறது.