யெக், துய், த்ரின்...

போன மாதம் என் பழைய மேன்ஷன் நண்பன் புடாபெஸ்டிலிருந்து லீவில் வந்திருந்தான். திருவல்லிக்கேணியில் மூன்று வருஷம் ஒரே அறையில் ஒரே பக்கெட்டில் குளித்தவர்கள் நாங்கள். நான் பி.காம். முடித்து, பேலன்ஸ் ஷீட்டைத் தலைமுழுகிவிட்டுப் பத்தி எழுத வந்தேன். அவன் கம்ப்யூட்டர் படித்து ஹங்கேரி போனான். யார் புத்திசாலி என்பதை அவன் ஷூவே சொல்லிற்று.

"இன்னும் வீடு மாத்திக்கிட்டேதான் இருக்கியா?" என்றான்.

"ஆறு வருஷத்துல அஞ்சு வீடு. நான் ஒரு ஜிப்ஸிடா!" என்றேன், பெருமையாக.

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அந்த வார்த்தையை விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே."

எனக்குச் சுருக்கென்றது. ஜிப்ஸி என்றால் நமக்கு என்ன தெரியும்? ஒரு மாருதி ஜீப். அப்புறம், பழைய படங்களில் ஜிகினாப் பாவாடை கட்டி, ஆடிப்பாடி, வில்லன் கோட்டைக்குள் நுழைந்துவிடும் கதாநாயகி. முடிந்தது.

அவன் போன பிறகு நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். முதல் தகவலிலேயே தலையில் குட்டு. ஜிப்ஸி என்பது 'எஜிப்ஷியன்' என்பதன் தேய்மானம். (அக்கவுண்டன்ஸியில் டிப்ரிஸியேஷன் என்போம்.) எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர்கள் தப்பாக நினைத்து வைத்த பெயர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ரோமா. இத்தாலி ரோமுக்கும் ருமேனியாவுக்கும் அந்தப் பெயரோடு சம்பந்தமில்லை. அவர்கள் பாஷையில் ரோம் என்றால் ஆண், கணவன்.

அந்தப் பாஷையில் ஒன்று, இரண்டு எண்ணிப் பாருங்கள். யெக், துய், த்ரின், ஷ்தார், பான்ஜ். ஹிந்தி பிராத்மிக் பரீட்சையில் ஃபெயிலானவர்களுக்குக்கூடப் புரியும். தண்ணீருக்குப் பானி, மூக்குக்கு நாக், காதுக்குக் கான். ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து கிளம்பினவர்கள். வேடிக்கை என்னவென்றால், ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் எஃப்தா, ஓஹ்தோ, என்யா. சுத்தமான கிரேக்கம்! பத்துக்கு மறுபடி தெஷ். நடுவில் பாரசீகச் சொற்கள், ஆர்மீனியச் சொற்கள். எந்த ஊர் வழியாகப் போனார்கள், எங்கே ரொம்ப நாள் தங்கினார்கள் என்று எழுதி வைத்த சரித்திரம் கிடையாது. பாஷைதான் வவுச்சர்.

இந்த வவுச்சரை ஆடிட் செய்ததில் நம்மூருக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. 1782-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் ரூடிகர் என்ற பேராசிரியர், ஒரு ரோமா பெண்ணிடம் வாக்கியங்களைக் கேட்டு எழுதி, ஹிந்துஸ்தானி இலக்கணத்தோடு ஒப்பிட்டு, 'இது இந்திய பாஷை' என்றார். அவர் பயன்படுத்திய இலக்கணத்தை எழுதியவர் பெஞ்சமின் ஷூல்ட்ஸே. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பாதிரியாராக இருந்தவர்.

இதுவரை சுவாரஸ்யம். மேலே படிக்கப் படிக்க வயிறு கலங்கியது.

இன்றைய ருமேனியாவில் சேர்ந்திருக்கும் வாலேகியா, மால்டேவியா என்ற இரண்டு சமஸ்தானங்களில் ரோமாக்கள் ஐந்நூறு வருஷம் அடிமைகள். 1385-ம் வருஷத்து சாசனம் ஒன்றில், மடாலயத்துக்குத் தானமாகத் தந்த சொத்துப் பட்டியலில் நாற்பது ரோமா குடும்பங்களும் வருகின்றன. விற்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம். 1855-லும் 56-லும்தான் ஒழித்தார்கள். ஒழித்தபோது நஷ்டஈடும் கொடுத்தார்கள், ஸார். வாலேகியாவில் தலைக்குப் பத்துப் பொற்காசு. யாருக்கு என்கிறீர்கள்? முதலாளிக்கு! ஐந்நூறு வருஷம் உழைத்தவனுக்கு ஒரு செப்புக்காசு கிடையாது. டெபிட், கிரெடிட் படித்தவன் நான். இந்த என்ட்ரியை எந்தப் பக்கம் போடுவது என்று எனக்கு விளங்கவில்லை.

ஸ்பெயினில் 1749-ல் ராஜா உத்தரவில் ஆண், பெண், குழந்தை என்று ஆயிரக்கணக்கில் ஒரே வீச்சில் அள்ளிச் சிறையில் போட்டார்கள். ஆஸ்திரிய மகாராணி மரியா தெரேசா 'திருத்துகிறேன் பேர்வழி' என்று, பாஷையைத் தடை செய்து, பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்தார்.

அப்புறம் ஹிட்லர். யூதர்களைப் பற்றி நமக்குத் தெரியும். ரோமாக்கள் இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்று மதிப்பீடு. 1944 ஆகஸ்ட் 2-ம் தேதி ஒரே ராத்திரியில், ஆஷ்விட்ஸில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேல். மிஞ்சினவர்கள் யுத்தம் முடிந்து நஷ்டஈடு கேட்டுப் போனார்கள். மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1956-ல் என்ன சொல்லிற்று தெரியுமா? 1943-க்கு முன் உங்களைப் பிடித்தது இன வெறுப்பால் அல்ல, குற்றத் தடுப்பு நடவடிக்கை என்று! அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொள்ள 1982 ஆயிற்று. கேட்டுப் போனவர்களில் எத்தனை பேர் அதுவரை உயிரோடு இருந்திருப்பார்கள்?

1971-ல் லண்டன் பக்கத்தில் முதல் உலக மாநாடு கூட்டி, ஒரு கொடி வைத்துக்கொண்டார்கள். மேலே நீலம், கீழே பச்சை, நடுவில் சிவப்புச் சக்கரம். சக்கரத்தைப் பார்த்ததும் நமக்கு எதுவோ ஞாபகம் வரவேண்டும். வரும்.

இன்று ஐரோப்பாவில் பத்துப் பன்னிரண்டு மில்லியன் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் வீடு வாசலோடு இருப்பவர்கள். (ஆறு வருஷத்தில் ஐந்து வீடு மாறிய நான்தான் நாடோடி.) ஆனாலும் செக் நாட்டில் இவர்கள் பிள்ளைகளை, மனவளர்ச்சி குறைந்தவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 2007-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பாரபட்சம் என்று தீர்ப்புச் சொன்னது.

இதையெல்லாம் படித்துவிட்டு நண்பனுக்குப் போன் செய்தேன். ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். "அன்னிக்கு ஏன்டா அவ்வளவு கோபம்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஒரு ஞாயித்துக்கிழமை, ஷேவ் பண்ணாம, பழைய ஜெர்கினோட கடைக்குப் போனேன். செக்யூரிட்டி ஆள் பின்னாடியே வர்றான். பிஸ்கட் பக்கம் போனா பிஸ்கட், சோப்பு பக்கம் போனா சோப்பு. வாசல்ல நிறுத்தி, பையைத் திறங்கறான். எனக்கு வேர்த்துப் போச்சு. கம்பெனி கார்டை எடுத்து நீட்டி, 'இந்தியன், இந்தியன்'னு கத்தினேன். உடனே சிரிச்சான். 'ஓ, இந்தியா! யோகா!'ன்னு தோள்ல தட்டினான்."

"அப்பாடா!"

"இரு. எனக்குப் பின்னாடி ஒரு பையன். பதினாறு வயசிருக்கும். என் கலர், என் மூக்கு. நம்ம ஊர் பஸ்ல ஏத்திவிட்டா ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். அவனுக்கு நீட்ட கார்டு இல்லை. பையைத் தரையில கொட்டச் சொன்னான். ஒரு ரொட்டி, ஒரு பால், பில்லு. அந்தப் பையன் செக்யூரிட்டியைப் பார்க்கலைடா. என்னைப் பார்த்தான்."

"நீ என்ன பண்ணினே?"

"டிராம் வந்துச்சு. ஏறிட்டேன்."

எனக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பேச்சை மாற்ற, பேக்கிங் முடிந்ததா என்று கேட்டேன்.

"ஆச்சு" என்றான். "பாஸ்போர்ட் மட்டும் எப்பவும் ஜெர்கின் பையிலேயே இருக்கும். அங்கே குப்பை கொட்டப் போனாலும் எடுத்துக்கிட்டுத்தான் போறேன்."